அறுபத்து மூன்றாவது உறை

பிளோவ்திவ் நகரத்து ஸ்டாம்ப் ஆசாமிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிற காப்பிக் கடையில், பெண் என்று இருந்தது வெலிச்கா கரஜோவா ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற ஆண்கள். பூதக்கண்ணாடி, இடுக்கி, ஆல்பம் என்று மேஜையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அதிலும் பான்சோ என்று ஒரு பழைய கணக்கு வாத்தியார். அவர் வாயில் விழுந்து எழாத ஆளே கிடையாது.

"என்ன வெலிச்கா, இந்த வாரம் எத்தனை அழுக்கு வட்டம் தேறிச்சு?"

"உங்க வயித்தெரிச்சலைக் காப்பில கலக்கிக் குடிங்க, பான்சோ."

அழுக்கு வட்டம் என்று அவர் சொன்னது தபாலாபீஸ் சீலை. ஊரெல்லாம் ஸ்டாம்ப் சேர்த்தால், வெலிச்கா சேர்த்தது அதன்மேல் குத்துகிற சீல். ரொடோப்பி மலை மாவட்டத்தில் அவளுடைய பட்டியலில் அறுபத்து மூன்று தபாலாபீஸ். ஒவ்வொன்றுக்கும் தானே போவாள். தன் பெயருக்கே விலாசம் எழுதிய உறை ஒன்றைக் கொடுப்பாள். உள்ளே கடிதம் கிடையாது, மடங்காமல் இருக்க ஒரு வெற்று அட்டை, அவ்வளவுதான். சீல் குத்தியதைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிற சோலியே இல்லை. உறை தபால் பையில் ஏறி, வண்டியில் குலுங்கி, முறையாக அவள் வீட்டுப் பெட்டியில் வந்து விழ வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒரே உறை. சீல் கலங்கிப் போனால் இன்னொரு லீவு எடுத்துக்கொண்டு மறுபடி போவாளே தவிர, இரண்டு உறை கொண்டுபோக மாட்டாள். ஒரு குக்கிராமத்துக்கு இப்படி நாலு தடவை போயிருக்கிறாள். பைத்தியக்காரத்தனம்தான், யார் இல்லை என்றது?

வேலையிலும் அவள் இதே ரகம்தான். துத்தநாக ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள். பத்து டன் வார்ப்பை உயரத்திலிருந்து இறக்கி, கோடு போட்ட இடத்தில் கோட்டின் மேலேயே வைப்பாள். ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் திரும்பத் தூக்கி வைப்பாள். கீழே நிற்கிறவன் போதும் போதும் என்று கையை ஆட்டினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அறுபத்து இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்று, கோர்னா யெலா. ஏன் அங்கே மட்டும் போகவில்லை என்று காப்பிக் கடையில் கேட்டால், "பஸ் சரியில்ல" என்பாள். பஸ்ஸே போகாத ஊருக்கெல்லாம் கழுதைப் பாதையில் நடந்து போனவள் சொல்கிற காரணமா அது?

உண்மைக் காரணம் இருபத்து இரண்டு வருஷம் பழையது. தொண்ணூற்று ஏழாம் வருஷக் குளிர்காலம். ரொட்டிக் கடையில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. அவள் புருஷன் மனோல், வர்னா துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கடல் காற்றில் இருமல், ஒரே அறையில் எட்டுப் பேர், உன் கைச் சூப்புக்கு நாக்கு ஏங்குகிறது, இத்யாதி. படித்துவிட்டு வெலிச்கா அழுதாள். கம்பளிக் காலுறை பின்னி அனுப்பலாம் என்று விலாசத்துக்காக உறையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் 'துறைமுகத் தொழிலாளர் விடுதி, வர்னா' என்று அவன் கையெழுத்து. முன்பக்கம் ஸ்டாம்பின்மேல் கண்ணாடிபோல் ஒரு சீல். ஒரு எழுத்துக்கூடச் சிதறாத முழு வட்டம். அதில் கோர்னா யெலா என்று இருந்தது.

கடலுக்கும் கோர்னா யெலாவுக்கும் என்ன சம்பந்தம்? அது மலைமேல் இருக்கிற ஊர். அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

உறையை எடுத்துக்கொண்டு பெரிய தபாலாபீஸுக்குப் போய்க் கேட்டாள். அங்கே இருந்த கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "எந்தப் பெட்டியில போட்டாங்களோ அந்த ஊர்ச் சீல்தாம்மா விழும். உள்ளே அவங்க என்ன வேணா எழுதலாம்." மனோல் தபால் பெட்டி என்றால் எல்லாம் ஒரே பெட்டி என்று நினைத்து, வாசலில் இருந்ததில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை பெரிய பொய்யைச் சொன்னவனுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை. ஒரே வாரத்தில் கொழுந்தனே வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அங்கே ஒரு பொம்பளையோடு இருக்கிறானாம். வெலிச்கா பூட்டை மாற்றினாள். அந்த ஊர் மண்ணை மிதிப்பதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

அந்தக் கோடையில் காளான் பறிக்க வேறொரு மலைக் கிராமத்துக்குப் போனபோது, வழியில் தபாலாபீஸைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, ஒரு உறை வாங்கித் தன் விலாசத்தை எழுதிப் போட்டாள். நாலு நாளில் வந்து சேர்ந்தது. அதே ஊர்ச் சீலோடு. சொன்ன இடத்திலிருந்து வந்த கடிதம்! அதைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பிடிதான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மார்ச் கடைசி. பான்சோ காப்பிக் கடைக்குள் நுழையும்போதே முகத்தில் அப்படி ஒரு களை.

"வெலிச்கா, சேதி தெரியுமா? கோர்னா யெலா தபாலாபீஸை வர்ற வெள்ளிக்கிழமையோட இழுத்து மூடறாங்க. மதியம் ஒரு மணிக்குக் கடைசிப் பை."

வெலிச்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இனிமே உன் ஆல்பத்துல அந்தப் பக்கம் சாகற வரைக்கும் மொட்டைதான்" என்றார் பான்சோ. பிறகு அவருக்கே பாவமாக இருந்தது போலிருக்கிறது. "சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. என் மச்சான் வியாழக்கிழமை அந்தப் பக்கம் வண்டியில போறான். உறையைக் குடு, குத்தி வாங்கிட்டு வருவான். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றாள் வெலிச்கா.

வீட்டுக்கு வந்து அந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கோபம் கோபமாக வந்தது. மனோல்மேல் இல்லை, அவள்மேலேயே. வீட்டை விட்டுத் துரத்தியாயிற்று, பெயரைச் சொல்லுவதையும் விட்டாயிற்று. ஆனால் எந்த ஊருக்குப் போகலாம், எந்த ஊருக்குப் போகக் கூடாது என்பதை மட்டும் இன்னும் அந்த ஆள்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறான்! இருபத்து இரண்டு வருஷமாக! வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்று மேஸ்திரிக்கு அப்போதே போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்போது கைப்பையில் ஒரு உறை, வழியில் தின்னப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா பாதி, மனோல் எதிரே வந்தால் சொல்லுவதற்கென்று ரொம்ப நாளாக ஊறப்போட்டிருந்த நாலு வசவு. பதினொன்றரைக்குப் பஸ் மலைத் திருப்பத்தில் நின்றது. இரவு மழையில் பாறை சரிந்து சாலையில் கிடந்தது.

"அம்மா, வண்டியைத் திருப்பறேன். உட்காருங்க" என்றான் டிரைவர்.

"ஊருக்கு எவ்வளவு தூரம் தம்பி?"

"அஞ்சு கிலோமீட்டர் இருக்கும். ஒரே ஏத்தம். உங்க முட்டி தாங்காதும்மா."

"முட்டி என்னோடது, நான் பேசிக்கறேன். நீ கதவைத் திற."

பாறைக்கு மேல் கையை ஊன்றி ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். ஐம்பத்தேழு வயசு. முதல் கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது, இரண்டாவதில் இடது முட்டி பேச ஆரம்பித்தது. அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறதும் நடக்கிறதுமாகப் போனாள். ஊர் கண்ணில் பட்டபோது பன்னிரண்டு ஐம்பது.

தபாலாபீஸ் பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு அறை. சுவரிலிருந்த பலகையைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே நெட்டையாக, மெலிந்து, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில், மார்ச் மாதம் வந்தால் ஊரில் எல்லாரும் கட்டிக்கொள்கிற சிவப்பு வெள்ளைக் கயிறு. மேஜைமேல் தபால் பை, வாயைக் கயிற்றால் கட்டி, யாரும் பிரிக்காதபடி முடிச்சில் ஈயக்குண்டு வைத்துத் தயாராக இருந்தது.

"ஒரு தபால் போடணும்" என்றாள் வெலிச்கா, கதவைப் பிடித்துக்கொண்டே.

"முடிஞ்சுதும்மா. பையைக் கட்டியாச்சு."

"மணி இன்னும் ஒண்ணு ஆகலயே?"

"சீல் கட்டை, தராசு, எல்லாமே பைக்குள்ள போயிருச்சு. கீழ் ரோட்டுல பாறை விழுந்ததால வண்டி மேல இருக்கற ஊர் வழியா வந்துக்கிட்டிருக்கு. அங்க போய்ப் போட்டுக்குங்க, எங்க போட்டாலும் போகும்."

"எங்க போட்டாலும் போகும்னா நான் ஏன் அஞ்சு கிலோமீட்டர் நடந்து வரேன்? எனக்கு இந்த ஊர்ச் சீல் வேணும்."

அந்த அம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். "ஓ, நீங்க அந்த ரகமா! காலையிலேருந்து ரெண்டு பேர் வந்தாச்சு. ஈயக்குண்டு வச்ச பையைத் திறந்தா காரணம் எழுதி ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும், தெரியுமா? முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட நான் திறந்ததில்ல. கடைசி நாளா பாத்து என்னால முடியாது."

"பலகையில ஒரு மணி வரைக்கும்னு போட்டிருக்கு. கழட்டி வச்சாலும் போட்டிருக்கு. இப்ப பன்னிரண்டு அம்பத்து மூணு. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்." வெலிச்கா நாற்காலியை இழுத்து, மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். "பையைத் தூக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கணும்."

"என்ன பொம்பளை நீங்க! குடுங்க பாப்போம், அப்படி என்ன கடுதாசி" என்று அந்த அம்மாள் உறையை வெடுக்கென்று வாங்கினாள். பின்பக்கம் பார்த்தாள். "அனுப்புநர் விலாசத்தைக் காணோம்?"

"எழுதறதில்ல. அனுப்பறதும் நான்தான், வாங்கறதும் நான்தான்."

உறையைத் திருப்பிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலாசத்தைப் படித்தாள். படித்தவள் அப்படியே நின்றாள். முகத்திலிருந்த எரிச்சல் போய்விட்டது. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்தாள். ஈயக்குண்டு வைத்த கயிற்றைக் கத்தரித்தாள். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக.

"இன்னும் அதே வீட்லதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள், பைக்குள் கையை விட்டபடி.

"என் வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த விலாசத்துக்கு ஒரு தடவை சீல் குத்தியிருக்கேன். தொண்ணூத்தேழு, பிப்ரவரி." சீல் கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "என் பேரு ரோசித்சா. மனோல் இருந்தது என் வீட்லதான்."

ஊறப்போட்ட வசவு நாலும் மனோலுக்கு அளந்து தைத்தவை, இவளுக்குப் பொருந்தவில்லை. வெலிச்கா எழுந்து உறையைப் பிடுங்கினாள். "உங்க கையால குத்தின சீல் எனக்கு வேணாம்!"

"சரி" என்றாள் ரோசித்சா. "ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. பொண்டாட்டி செத்துப் போயிட்டான்னு சொல்லித்தான் அவன் என் வீட்டுக்குள்ள வந்தான். கல்லறைக்குப் பூ வாங்கணும்னு ஒரு நாள் என்கிட்டயே அழுதான், படுபாவி. அப்புறம் ஒரு நாள் பெட்டியைத் திறந்து தபாலைக் கொட்டறேன், அவன் கையெழுத்துல ஒரு உறை. வெலிச்கா கரஜோவான்னு விலாசம். பின்னால வர்னான்னு எழுதியிருக்கு. செத்தவளுக்கு யாராவது கடுதாசி போடுவாங்களா?"

வெலிச்கா வாசலில் நின்றாள்.

"கிழிச்சு அடுப்புல போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. போடல. புது மை ஊத்தினேன். அடியில ரப்பர் அட்டையை வச்சேன். மூணு தடவை பேப்பர்ல குத்திப் பாத்துட்டு, அப்புறம் குத்தினேன். எங்கேருந்து வருதுன்னு நீங்க படிக்கணும்னுதான் குத்தினேன்."

மனோல் போட்ட அந்தப் பழைய உறையை வெலிச்கா இத்தனை வருஷமும் தூக்கிப் போடவில்லை. ஆல்பத்தின் கடைசி அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். தானே போய்ப் போட்டதில்லை என்பதால் பக்கத்தில் ஒட்டவில்லை. ஆனால் அறுபத்து இரண்டு சீலையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், ஒன்றுகூட அந்தச் சுத்தத்துக்கு வந்ததில்லை. இப்படிக் குத்தின கை யாருடையது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள்.

"நல்ல சீல் அது" என்றாள், கடித்துத் துப்புவது போல். "அதைவிட நல்ல சீலை நான் பாத்ததில்ல. அது உண்மை." பிறகு, "தெரிஞ்சப்புறமும் ஏன் அவனை வச்சிருந்தீங்க?"

"முட்டாள், வேற என்ன? அழுதான், நம்பினேன். ரெண்டு வருஷம். அப்புறம் ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போறேன்னு போனான். அங்கேருந்து ஒரே ஒரு கார்டு வந்துச்சு. வெயில் தாங்கல, ஆரஞ்சு குலைகுலையா தொங்குதுன்னு."

"சீல் எந்த ஊரு?" வெலிச்கா தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்.

"சோபியா. நம்ம தலைநகரத்தைத் தாண்டவே இல்ல."

வெலிச்காவின் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரோசித்சாவும் சிரித்தாள். இரண்டு பெண்களும் மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "கழுதை! பெட்டின்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கற கழுதை!" என்றாள் வெலிச்கா. "இத்தனை வருஷம் ஆகியும் கத்துக்கலையே!" என்றாள் ரோசித்சா.

மலைப்பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

வெலிச்கா உறையை மேஜைமேல் வைத்துத் தள்ளினாள். "குத்துங்க."

ரோசித்சா ரப்பர் அட்டையை விரித்தாள். சீல் கட்டையைத் தூக்கினாள். அவள் விரல்கள் நடுங்கின. "ரெண்டு வருஷமா கை இப்படித்தான். கலங்கிடும். ஒரே உறைதானா இருக்கு? நீங்களே குத்திக்குங்க, யாரும் பாக்கல."

கிரேன் ஓட்டுகிற கை, வெலிச்காவே குத்தியிருந்தால் நூல் பிசகாமல் விழுந்திருக்கும். அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு உங்க கைச் சீல்தான் வேணும். கலங்கினா கலங்கட்டும்."

ரோசித்சா முழங்கையை மேஜையில் ஊன்றினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள், குத்தினாள். எப்படி விழுந்தது என்று இரண்டு பேரும் பார்ப்பதற்குள் வண்டிக்காரன் உள்ளே வந்துவிட்டான். "என்ன ரோசித்சா அக்கா, பை இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டிருக்கு?" என்று கத்தினான். அவசர அவசரமாகக் காகிதம் எழுதினார்கள். பையைத் திறந்த காரணம் என்ற இடத்தில், 'ஒரு கடிதம் பாக்கி இருந்தது' என்று ரோசித்சா எழுதினாள். இரண்டு பேரும் அதன்கீழ் கையெழுத்துப் போட்டார்கள். உறையைப் பையில் போட்டுக் கட்டுகிற வேலையை ரோசித்சாவிடம் விட்டுவிட்டு, வெலிச்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வெயிலில் போய் உட்கார்ந்தாள். வந்த வண்டியிலேயே அவளையும் ஏற்றி அனுப்பினார்கள்.

சனி, ஞாயிறு, திங்கள். காப்பிக் கடையில் பான்சோ எத்தனை துருவியும் அவள் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது பெட்டியில் உறை இருந்தது. படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டம் முழுசு. தேதி தெளிவு. வலப்பக்கம் ஓரத்தில் மட்டும் லேசான நடுக்கம், ஒரு எழுத்து இரண்டாகத் தெரிந்தது. அவளுக்கு அது குறையாகப் படவில்லை.

பிறகு உறையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் அனுப்புநர் இடத்தில் நீல மையில் எழுதியிருந்தது: ரோசித்சா மிலேவா, கோர்னா யெலா. வீட்டு எண்ணும் இருந்தது.

"என் உறையில எழுத இவ யாரு?" என்று படிக்கட்டு அதிரக் கத்தினாள். சேகரிக்கிறவர்களுக்குத்தான் தெரியும், கேட்காமல் ஒரு கோடு கிழித்தாலும் உறை உறையாக இருக்காது. முணுமுணுத்துக்கொண்டே மேலே போய் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அதைச் செருகினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி அட்டைக்குப் பின்னாலிருந்த பழைய உறையை எடுத்து, அதன் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டும் ஒரே கை குத்தியவை.

ஆல்பத்தை மூடிவிட்டுப் புது உறை ஒன்றை எடுத்தாள். விலாசம் எழுதுவதில் சிரமம் இல்லை, கேட்காமலே கொடுத்துவிட்டாளே. உள்ளே வெற்று அட்டையைச் செருகப் போன கை நின்றது. இருபத்து இரண்டு வருஷமாக அவள் போட்ட உறை எதற்குள்ளும் ஒரு வார்த்தை இருந்ததில்லை. என்ன எழுதுவது? காகிதத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, 'சீல் நல்லா வந்திருக்கு. முட்டி வலி தேவலை. உங்க கைக்கு டாக்டரைப் பாத்தீங்களா?' என்று எழுதினாள்.

மறுநாள் பெரிய தபாலாபீஸில் வரிசையில் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் கடிதத்தை வாங்கிப் பக்கத்துக் கூடையில் போடப் போனாள்.

"அங்க போடாதம்மா. கையால சீல் குத்து."

"எல்லாம் மெஷின்தாங்க இப்ப. எப்படியும் போய்ச் சேரும்."

"மெஷின் வேணாம். மையைத் தொட்டு, நல்லா அழுத்திக் குத்து" என்றாள் வெலிச்கா. "அந்த அம்மா முதல்ல சீலைத்தான் படிப்பாங்க."